மழலைக் கைகளும் மாண்டிசோரி அம்மையாரும்

மணிலாக்கொட்டையை உடைத்து முறத்தில் பரப்பி, பருப்பு வேறு, தோல் வேறு, சொத்தை வேறு எனப் பிரித்தெடுப்பது திருவண்ணாமலை வட்டாரத்துத் தாய்மார்களின் கைப்பழக்கம். வேங்கிக்கால் போன்ற ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் வயிற்றுப்பாடு அந்த முறத்தை நம்பியே இருந்தது. முறத்தருகே அமர்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையும் சும்மா இராது. ஒன்றை எடுக்கும், உற்றுப் பார்க்கும், ஒருபுறம் வைக்கும், பிறகு அதைப் போன்ற இன்னொன்றைத் தேடும். வேலை கெடுகிறதே என்று நாம் அதன் கையைத் தட்டி விடுகிறோம். அந்தச் சின்னக் கை செய்வது விளையாட்டன்று, அறிவின் முதல் உழைப்பு என்று கண்டு, அதன்மேல் ஒரு கல்வி முறையையே கட்டியெழுப்பிய பெருமாட்டி மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. ஏனெனில், அவருடைய கல்வி முறை செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் நடுவே பிறந்தது.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசுப் பணியாளர். தாயார் ரெனில்தே நூல்களில் ஆர்வம் மிக்கவர். குடும்பம் பின்னர் உரோமை நகரில் குடியேறியது. அக்காலத்தில் பெண்கள் மேற்படிப்புப் படித்தால் ஆசிரியராகலாம். அதற்கு மேல் வழியில்லை. மாண்டிசோரியோ தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் பயின்றார். பிறகு மருத்துவம் கற்பதென உறுதி கொண்டார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. தாய் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயில ஒரு பெண்ணுக்கு இசைவு கிடையாது. ஆகவே மற்றவர்கள் கலைந்து சென்றபின் தனியொருத்தியாக நின்று அவர் அப்பாடத்தைப் பயில வேண்டியதாயிற்று. ஒரே கூரையின்கீழ்ப் பயின்றும் தனித்து நிறுத்தப்படும் துன்பம் எத்தகையது என்பதை நம் முன்னோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1896ஆம் ஆண்டு அவர் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர்.

1898இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணம் நிகழாத உறவில் பிறந்த குழந்தை என்பதால், ஊராரின் பழிக்கு அஞ்சி, அவனை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்க நேர்ந்தது. பதின்வயதில்தான் மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். உலகக் குழந்தைகளுக்காக உழைத்த அம்மையார், தம் குழந்தையின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணும் பேற்றை இழந்தவர். பிற்காலத்தில் அம்மகனே அவருக்கு வலக்கையாக விளங்கினார்.

ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே

பட்டம் பெற்றபின் அம்மையார் உரோமையின் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றியவை என முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளும் அந்நாளில் மனநோயாளர் விடுதிகளிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். வெறும் சுவர்களையுடைய அறை. கையில் எடுக்க ஒரு பொருளும் இல்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் கண்ட காவற்பெண், அதை அவர்களின் இழிகுணமாகக் கருதினாள். அம்மையார் வேறாகக் கருதினார். அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று. எடுத்துப் பார்க்கவும் தடவி அறியவும் ஏதேனும் வேண்டும் என்னும் கைப்பசி என அவருக்குத் தோன்றிற்று.

அவர் பிரெஞ்சு மருத்துவர்களாகிய இத்தார், செகின் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். தம் கைப்படவே மொழிபெயர்த்து எழுதினார். புலன்களின் வழியே அறிவை எழுப்பலாம் என்பது அவர்கள் காட்டிய நெறி. 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிறப்புப் பள்ளியில் அம்மையார் அந்நெறியைச் செயற்படுத்தினார். காலை முதல் மாலை வரை குழந்தைகளோடு இருந்தார். கட்டைகளையும் துணிகளையும் எழுத்து வடிவங்களையும் அவர்கள் கையில் கொடுத்தார். கல்லாதவர் எனத் தள்ளப்பட்ட அப்பிள்ளைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பொதுத் தேர்விலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, இக்குழந்தைகளே இவ்வளவு எய்தினால், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகள் பள்ளிகளில் இவ்வளவிலேயே நின்றுவிடுவது ஏன் எனச் சிந்திக்கலானார். குறை பிள்ளையிடத்தில் இல்லை, அதன்முன் நாம் எதை வைத்தோம் என்பதில் உள்ளது என்னும் கருத்து அவருள் வேரூன்றியது.

சான் லொரென்சோவில்

உரோமையில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெற்றோர் விடியலில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் அலைந்து சுவர்களைக் கிறுக்கிக் கொண்டிருந்தனர். கட்டடங்கள் பாழாகின்றனவே என்று கவலையுற்ற உரிமையாளர்கள், அப்பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க அம்மையாரை நாடினர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அங்கே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள், பார்த்துக்கொள்ள, பயிற்சி பெறாத ஓர் இளம்பெண், இவ்வளவே தொடக்கம்.

அங்கே அம்மையார் கண்ட காட்சிகளுள் இரண்டு குறிக்கத்தக்கவை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகளைப் பாடச் செய்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் அதனையே செய்து முடித்து, களைப்பின்றி மகிழ்ச்சியோடு நிமிர்ந்தாள். மற்றொன்று, ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தபோது நிகழ்ந்தது. பூட்டாத அலமாரியைத் திறந்து, குழந்தைகள் தத்தமக்கு வேண்டிய பொருளைத் தாமே எடுத்து வேலையில் அமர்ந்திருந்தனர். அதனை ஒழுங்கீனம் எனத் தண்டிக்க எண்ணினார் ஆசிரியை. பிள்ளைக்குத் தன் வேலையைத் தேர்ந்துகொள்ளத் தெரியும் என்பதை அதில் கண்ட அம்மையார், அதன்பின் பூட்டிய அலமாரியை நீக்கி, குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளை அமைத்தார்.

மழலையர் இனம் பிரிக்கும் விதம்

அம்மையார் வகுத்த பொருள்கள் பலவும் இனம் பிரித்தலையும் வரிசைப்படுத்தலையும் அடிப்படையாகக் கொண்டவை. வண்ணப் பலகைகளை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே எடை. நிறம் ஒன்றே வேறு. முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று இணைகள். இரண்டாம் பெட்டியில் 11 இணைகள். மூன்றாம் பெட்டியில் 9 நிறங்கள், ஒவ்வொன்றிலும் அடர்த்தி முதல் வெளிறல் வரை 7 படிகள். ஆக 63 பலகைகள். ஒரு பண்பை மட்டும் வேறுபடுத்தி மற்றவற்றை ஒன்றாக்கிவிட்டால், எதனை நோக்க வேண்டும் என்பது குழந்தைக்குத் தானே விளங்கும்.

உருளைக் கட்டைகள் நான்கு. ஒவ்வொன்றிலும் பத்து உருளைகள். தவறான குழியில் இட்டால் இறுதியில் ஓர் உருளை மிஞ்சி நிற்கும் அல்லது நுழைய மறுக்கும். பிழையைப் பொருளே காட்டிக் கொடுப்பதால், ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. பிள்ளை அவமானப்பட வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு விரல்நுனியால் தடவியே நெல்லரிசி, கோதுமை, சோளம் போன்ற மணிகளைப் பிரிக்கும் பயிற்சியும் உண்டு. நம் இல்லத்து முறத்துக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பொருளைப் பிரித்தறிந்தபின் பெயர். இதற்கு அம்மையார் செகினிடமிருந்து கொண்ட மூன்று படிகள் எளியவை. முதலில் இது சிவப்பு, இது நீலம் என்று பெயரைப் பொருத்துதல். அடுத்துச் சிவப்பைக் கொடு எனக் கேட்டு எடுக்கச் செய்தல். இறுதியில் இது என்ன எனக் கேட்டுச் சொல்லச் செய்தல். மூன்றாம் படியில் பிள்ளை தடுமாறினால் திருத்தி வருத்தாது, வேறொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மையாருக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் இத்துறையை மேலும் விளக்கியுள்ளனர். மூன்று நான்கு மாதக் குழந்தையே பூனைப் படங்களையும் நாய்ப் படங்களையும் வேறுபடுத்துகிறது என்பதை, அது பார்க்கும் நேரத்தை அளந்து கண்டனர். ஓராண்டு நிறையும்போது, கலந்து வைத்த இருவகைப் பொருள்களுள் ஒரே வகையானவற்றை அடுத்தடுத்துத் தொடத் தொடங்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அவற்றை இரு குவியல்களாகவே பிரிக்கும். ஏறக்குறைய அதே காலத்தில் பொருள்களின் பெயர்களும் அதன் நாவில் விரைந்து பெருகுகின்றன. மாட்டை மட்டுமன்றி ஆட்டையும் கழுதையையும் மாடு என அழைப்பதும், நரைத்த தலையரையெல்லாம் தாத்தா என்பதும் அறியாமையன்று. ஒப்புமை கண்டு இனம் சேர்க்கும் முயற்சியே. இரண்டு வயதை ஒட்டி, புதிய பெயரைக் கேட்டால் நிறத்தைவிட வடிவத்தையே நோக்கி அப்பெயரைப் பிற பொருள்களுக்கு வழங்கக் கற்கிறது. ஆயினும் நிறம், வடிவம் என ஒரே அளவுகோலை இறுதிவரை மாற்றாமல் பிரிப்பதும், ஒரு வகைக்குள் மற்றொரு வகை அடங்கும் என உணர்வதும் பள்ளி வயதை ஒட்டியே கைகூடுகின்றன. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை பாதியில் அளவுகோலை மாற்றினால் அதனை மந்தம் எனல் தவறு.

பெயரும் வகையை உண்டாக்க வல்லது என்பது ஆய்வாளர் கண்ட மற்றோர் உண்மை. வேறுபட்ட சில பொருள்களை ஒரே பெயரால் அழைத்தால், அவற்றுக்குள் பொதுவானது யாது எனக் குழந்தை தேடத் தொடங்கும். இது பொருள்களுக்கு நன்று, மனிதருக்கோ அஞ்சத்தக்கது. ஒரு கூட்டத்தாரைத் தனிப்பெயரிட்டு அழைப்பதைக் கேட்கும் குழந்தை, அவர்களுக்குள் பிறப்பிலேயே ஏதோ ஒரு தனிக்குணம் ஒளிந்திருப்பதாக எளிதில் நம்பிவிடுகிறது. தெருவையும் சாதியையும் சொல்லி ஆட்களைப் பிரிக்கும் பேச்சு வீட்டிலும் பள்ளியிலும் ஒலித்தால், நிறப்பலகையைப் பிரிக்கும் அதே அறிவைக் கொண்டு பிள்ளை மனிதரையும் பிரிக்கக் கற்கும். உருளை தவறான குழியில் நுழையாது. மனிதரைத் தவறாக வகுத்தாலோ, அப்பிழையைத் தானே காட்டும் குழி ஏதுமில்லை. பெரியவர்களே காட்ட வேண்டும்.

புகழும் எதிர்ப்பும்

சான் லொரென்சோவின் செய்தி சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. பல நாடுகளில் மாண்டிசோரி பள்ளிகள் எழுந்தன. 1929ஆம் ஆண்டு அனைத்துலக மாண்டிசோரி கழகம் நிறுவப்பட்டது. இத்தாலியில் முசோலினியின் அரசு தொடக்கத்தில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். பிள்ளைகளைத் தம் கட்சியின் படைவீரர்களாக்க அவ்வரசு முனைந்தபோது பிணக்கு மூண்டது. 1930களில் இத்தாலியிலும் இட்லரின் செருமனியிலும் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்த அவரை 1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது. பின்னர் நெதர்லாந்து நாட்டில் தங்கினார்.

இந்தியாவில் அவர் பெயர் அதற்கு முன்பே பரவியிருந்தது. குசராத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பவநகரில் பாலமந்திரம் தொடங்கினார். 1931இல் காந்தியடிகள் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். செல்வர் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இக்கல்வி கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தை அவர் அங்கே வெளியிட்டார்.

சென்னையிலும் கோடைக்கானலிலும்

பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் அம்மையார் மகனுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரைப்பார்; மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். அந்த அடையாற்றில்தான், பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் யாவரும் பிரிட்டிஷ் அரசுக்குப் பகைவர் ஆயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுச் சபை வளாகத்துள் இருக்குமாறு கட்டுப்படுத்தப்பட்டார். எந்த நாட்டார் என்னும் ஒரே அளவுகோலால் மனிதர் பிரிக்கப்பட்ட காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்டில், அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி, வைஸ்ராய் மாரியோவை விடுவித்துத் தாயிடம் அனுப்பிவைத்தார்.

1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் அம்மையார் கோடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியை நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின அம்மையார் துணைநின்றார். மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் பறவைகளுமே பாடப்பொருள்களாயின. இலையை வடிவம் நோக்கி வகுப்பதிலிருந்து தொடங்கி, உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒழுங்கை உணர்த்துவது வரை அக்கல்வி விரிந்தது. வகுத்துப் பார்ப்பது பிரித்து வைப்பதற்கன்று, தொடர்பை உணர்வதற்கே என்பது அதன் உட்பொருள்.

போருக்குப் பின் 1946இல் ஐரோப்பா சென்று, 1947இல் மீண்டும் வந்து, 1949 வரை பயிற்சியளித்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அகமதாபாத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளின் அடிப்படையில் அமைந்த அவருடைய பெருநூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் கடலோர ஊராகிய நூர்த்வைக்கில் அம்மையார் இயற்கை எய்தினார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் செய்ய வேண்டுவது

கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இன்று பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் காணப்படுகிறது. பலகை உள்ள இடமெல்லாம் முறையும் உண்டு எனக் கொள்ளவும் இயலாது. எனினும் இம்முறையின் உயிர் விலையுயர்ந்த பெட்டிகளில் இல்லை. தாராபாய் மோடக் அம்மையார் 1945 முதல் மராட்டியக் கடலோரப் பகுதியில் இதனை மெய்ப்பித்தார். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் குடியிருப்பு முற்றத்துக்கே அவர் பள்ளியைக் கொண்டு சென்றார். சிப்பி, கூழாங்கல், இலை, விதை ஆகியவற்றையே கருவிகளாக்கினார். முற்றத்துப் பள்ளி என்னும் பொருள்பட வழங்கும் அங்கன்வாடி என்ற பெயர், 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அரசுத் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. நம் குடியிருப்புகளின் பிள்ளைகள் முதன்முதலில் காலடி வைக்கும் பள்ளியும் அதுவே.

அங்கே சோறும் முட்டையும் கிடைப்பது பெரும்பேறு. கைப்பசிக்கும் உணவு வேண்டும். நம் சங்கம் இரவுப் பாடசாலைக்கும் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அளிக்கும் கவனத்தில் ஒரு பங்கை மழலையர்க்கும் ஒதுக்குவதாக. மூன்று நிறத் துணித் துண்டுகள், குழந்தை விழுங்க இயலாத அளவுடைய மரக்கட்டைகள், மூடியோடு கூடிய வெவ்வேறு டப்பாக்கள், பலவகை இலைகள். இவற்றைத் தாழ்ந்த பலகையில் அடுக்கி வைக்கச் செலவு மிகக் குறைவு. நம் படித்த இளைஞரும் மகளிரும் வாரம் ஒருநாள் அங்கே சென்று, குறுக்கிடாது அமர்ந்து, பிள்ளை எடுப்பதையும் வைப்பதையும் கண்டு, உரிய வேளையில் பெயர் சொல்லித் தந்தால் போதும்.

பத்தாம் வகுப்பில் தவறிய பின் நம் பிள்ளைகளுக்காக வருந்துகிறோம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, அவர்களுடைய கைகள் வெறுமையாக இருந்த காலத்தில் நாம் அருகில் இல்லை. இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று பிறர் நம் பிள்ளைகளை ஒரு குவியலில் தள்ளிய காலம் நீண்டது. அத்தகைய குவியலிலிருந்தே உரோமையின் பிள்ளைகளை அம்மையார் எடுத்தார், அவர்கள் கையில் பொருளைக் கொடுத்தார், அவர்கள் கற்றனர். நம் பிள்ளைகளும் கற்பர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் சங்கம் மேற்கொள்ளும் பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.